பாட்டிலின் பின்பக்கம்

பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று மதுரையில் ஒரு விவாதம் நடந்ததாகத் திருவிளையாடற் புராணம் சொல்கிறது. சந்தேகத்தைக் கிளப்பியவன் பாண்டிய மன்னன். தீர்த்துவைக்கும் பாட்டை எழுதிக் கொடுத்தவர் இறைவன். அதைச் சுமந்துகொண்டு சபைக்குப் போனவன் தருமி. குற்றம் கண்டுபிடித்தவர் நக்கீரர். ஏ.பி. நாகராஜன் 1965-இல் எடுத்த படத்தின் புண்ணியத்தில் அந்தக் காட்சி நம் வீடுகளில் சின்னப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். யாருடைய தலையைப் பற்றி இத்தனை வாதமும் நடந்ததோ, அந்த அரசியை ஒருவரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், “காலையில் அகில் புகை போட்டேன்” என்று ஒரே வரியில் முடித்திருப்பாள். ஆயிரம் பொன்னும் மிச்சமாகியிருக்கும்.

நக்கீரர் மீது எனக்கு ஒரு விஷயத்தில் மரியாதை உண்டு. மணம் பூவிலிருந்தும் பூசுகிற பொருளிலிருந்தும் வருகிறது என்று, அந்தச் சபையில் பொருளைப் பற்றிப் பேசியவர் அவர் ஒருவர்தான். ஞானப்பூங்கோதையின் கூந்தலானாலும் அப்படித்தான் என்று நெற்றிக்கண்ணுக்கு எதிரே நின்று சொன்னார். இருந்தாலும் அவரும் கேட்கவில்லை. பதினெட்டு வருடமாக இந்தக் கதையை வகுப்பில் சொல்லிவருகிறேன். அந்தச் சபை இன்னும் கலையவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. இருக்கைகளில் ஆட்கள் மாறியிருக்கிறார்கள். ஷாம்பூ கம்பெனிக்காரர், கல்யாணத் தரகர், அழகு நிலைய உரிமையாளர், வேலைவாய்ப்புப் பயிற்சியாளர், ரீல்ஸ் போடுகிறவர் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கேள்வியும் மாறிவிட்டது. உன் முடி ஏன் நேராக இல்லை என்பதுதான் இப்போதைய கேள்வி.

எனக்குச் சுருட்டை முடி. அப்பத்தாவிடமிருந்து அப்பா வழியாக வந்தது. அப்பாவை ஊரில் ‘சுருட்டை வாத்தியார்’ என்பார்கள். பிரியமாகத்தான் சொல்வார்கள், அவரும் பெருமையாகத்தான் திரும்பிப் பார்ப்பார். அதே முடி என் தலைக்கு வந்ததும் பரட்டை ஆயிற்று, குருவிக்கூடு ஆயிற்று, பாத்திரம் தேய்க்கிற நார் ஆயிற்று. என் சித்தியைப் பெண் பார்க்க வந்த அன்று அரைப் பாட்டில் தேங்காய் எண்ணெயை ஊற்றி, இழுத்து வாரி, சவுரி வைத்துப் பின்னி, புருவம் மேலே ஏறுகிற அளவுக்கு இறுக்கிக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு, “சுருட்டைன்னு தெரியலைல்ல?” என்றுதான் சித்தி முதலில் கேட்டாள். மாப்பிள்ளை எப்படி என்று கேட்கவில்லை. (மயிர் என்ற நல்ல தமிழ்ச் சொல் வசவாகிவிட்டதால் முடி என்றே எழுதுகிறேன். பதிப்பாளர் தயங்கினார் என்று நினைக்க வேண்டாம். நான்தான் தயங்கினேன்.)

பரட்டை என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் காணாத, சீப்புப் படாத தலை என்பதுதான் அதன் பொருள். அதாவது வறுமையின் தலை, வெயிலில் வேலை செய்கிறவளின் தலை. 1977-இல் வந்த ‘16 வயதினிலே’ படத்தில் ஊரில் வம்பிழுத்துத் திரிகிறவனுக்கு என்ன பெயர்? பரட்டை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை குடும்பத்துப் பெண்ணுக்கு, சிலும்பி நிற்கிற தலை அடங்காதவளுக்கு என்று ஒரு கணக்கு நம் ஊரில் எழுதாமலே நடக்கிறது. அந்தக் கணக்கில் சாதி இல்லை என்று யாராவது சொன்னால், “அவ முடியப் பாத்தாலே தெரியலையா, எந்தத் தெருன்னு” என்ற பேச்சை அவர்கள் காதால் கேட்டதில்லை என்று அர்த்தம். நான் கேட்டிருக்கிறேன். ஆசிரியர்கள் அறையிலேயே கேட்டிருக்கிறேன்.

இந்த இடத்தில் தமிழ் படித்தவர்கள் சிலர் சங்க இலக்கியத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வரட்டும். பெண்ணின் கூந்தலுக்குச் சங்கப் புலவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் உவமைகளில் ஒன்று அறல். ஆற்றில் நீர் வடியும்போது கருமணலில் வரிவரியாக நெளிந்து கிடக்குமே, அதுதான். வைகையில் தண்ணீர் வந்துபோன மறுநாள் போய்ப் பார்த்தால் தெரியும். அந்த மணலில் ஒரு கோடாவது நேராக இருக்காது. ஐம்பால் என்பதற்கு அகராதி தரும் ஐந்து ஒப்பனை வகைகளில் சுருளும் ஒன்று. அளகம் என்றாலே நெற்றியில் சுருண்டு விழும் முடிதான். நேராகத் தொங்குவது மட்டுமே அழகு என்று யாரும் அன்று சட்டம் போட்டிருக்கவில்லை என்பதற்கு மேல் இதிலிருந்து நான் எதையும் எடுக்கவில்லை. சங்கத் தமிழச்சி அனைவரும் சுருட்டை முடிக்காரிகள் என்று நாளைக்கே ஒரு மாநாட்டில் தீர்மானம் போட்டுவிடாதீர்கள். அந்தப் பாட்டுகளிலும் கூந்தல் பெரும்பாலும் தலைவன் முகர்வதற்கும் துயில்வதற்கும்தான் இருக்கிறது. அவள் அதை எதைப் போட்டுக் கழுவினாள், சிக்கெடுக்க எத்தனை நாழிகை ஆயிற்று என்பதில் புலவருக்கு அக்கறை குறைவு.

எனக்கு அதில்தான் அக்கறை. அதனால் முதலில் தலைக்கு வருவோம்.

முடி முளைக்கிற குழி நேராக, வட்டமாக இருந்தால் முடி நேராக வெளிவரும். குழி வளைந்து, நீள்வட்டமாக இருந்தால் சுருண்டுதான் வரும். இதில் நோயும் இல்லை, பராமரிப்புக் குறைவும் இல்லை. தலைத்தோலில் சுரக்கிற எண்ணெய், நேர் முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரைக்கும் இறங்கிவிடும். சுருளில் அப்படி இறங்க முடியாது, வேர்ப்பக்கமே நின்றுவிடும். ஆகவே நமக்கு வேரில் பிசுக்கும் நுனியில் வறட்சியும் ஒரே நேரத்தில் இருக்கும். நனையும்போது முடிப் புரதத்துக்குள் உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப்போகும், காயும்போது புதிதாகப் பிடித்துக்கொள்ளும். காலையில் இஸ்திரிப் பெட்டி மாதிரியான கருவியை வைத்து நீட்டிய முடி, ஐப்பசிக் காற்றில் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போவதற்குள் பழையபடி எழுந்து நிற்பது அதனால்தான். உலர்ந்த சுருட்டை முடியைச் சீப்பால் வாரினால் சுருள்கள் தனித்தனி இழையாகப் பிரிந்து தலை ஊதிக்கொள்ளும். ஈரமாக, வழுவழுப்பாக ஏதாவது தடவியிருக்கும்போது விரலாலோ அகலப் பல் சீப்பாலோ நுனியிலிருந்து மேலாகச் சிக்கெடுத்தால் உடையாது. இவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு பத்தியை நான் படித்த பள்ளியிலும் கல்லூரியிலும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இரட்டைச் சடையை மடித்துக் கட்டி ரிப்பன் வைக்கச் சொல்லித்தான் தந்தார்கள்.

ஷாம்பூவைச் சின்னப் பொட்டலத்தில் அடைத்துப் பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கவிட்ட வித்தை நம் கடலூரிலிருந்து கிளம்பியது. சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைத்த யோசனையை அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய கம்பெனி சிக் என்ற பெயரில் ஊர் ஊராகக் கொண்டுபோனது. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. வீட்டில் யாரையும் கேட்காமல், கூலிக்காசில், தன் தலைக்கு என்று ஒரு பெண் ஒரு பொருளை வாங்கியது அந்தச் சாஷேயில்தான். என் பெரியம்மா களையெடுத்துவிட்டு வரும்போது வெற்றிலைபாக்கோடு அதையும் வாங்கி முந்தானையில் முடிந்துவருவார். ஆனால் அந்தப் பொட்டலத்துக்குள் இருந்தது எல்லாத் தலைக்கும் ஒரே திரவம். எண்ணெய்த் தலையைக் கரகரவென்று சுத்தம் செய்கிற திரவம். நேர் முடிக்காரிக்கு அது சரியாக இருந்தது. பெரியம்மாவின் சுருட்டைக்கு வைக்கோல்போர் கிடைத்தது. அப்போதும் குறை பொருளில் இருப்பதாக யாரும் சொல்லவில்லை, முடியில் இருப்பதாகத்தான் சொன்னார்கள்.

குறையைச் சரிசெய்ய வந்தவை ரீபாண்டிங், ஸ்மூத்தனிங், கெரட்டின். பெயர்தான் வேறு. ரீபாண்டிங்கில் தயோகிளைக்கோலேட் என்ற ரசாயனத்தைத் தடவி, முடியின் வடிவத்தைத் தாங்கிப் பிடிக்கும் டைசல்ஃபைடு பிணைப்புகளை உடைப்பார்கள். நேராக இழுத்து வைத்துத் திரும்பவும் பூட்டுவார்கள். கெரட்டின் என்று விற்கப்படுவதில் பல, சூடு படும்போது ஃபார்மால்டிஹைடு ஆவியை விடுகிறவை. பிணம் கெடாமலிருக்கப் பயன்படும் அதே ஃபார்மால்டிஹைடு. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 2004-இல் முதல் பிரிவில் வைத்தது. ஃபார்மால்டிஹைடு இல்லாதது என்று அடுத்து வந்தவற்றில் சில கிளையாக்சிலிக் அமிலத்தைக் கொண்டவை. ஓர் இளம் பெண் 2020, 2021, 2022 ஆகிய மூன்று வருடங்களில் மூன்று முறை முடியை நேராக்கிக்கொண்டார், மூன்று முறையும் சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனைக்குப் போனார் என்று ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ 2024-இல் வெளியிட்டது. தடவிய களிம்பில் அந்த அமிலம் இருந்தது.

அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறத்தாழ பதினொரு வருடம் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2022-இல் வெளிவந்தது. முடியை நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம் என்றும், அடிக்கடி பயன்படுத்துகிறவர்களில் 4.05 சதவீதம் என்றும் அது கணக்கிட்டது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, இதனால்தான் அது என்று நிரூபித்துவிடவில்லை. ஆய்வாளர்களே அப்படித்தான் சொல்கிறார்கள், நானும் கூட்டிச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பொருள்களைப் பயன்படுத்தியவர்களில் பெரும்பகுதி கறுப்பினப் பெண்கள். எந்தத் தலைகளைப் பார்த்து ‘இது சரியில்லை’ என்று உலகம் அதிகமாகச் சொன்னதோ, அந்தத் தலைகளில்தான் அது அதிகம் தடவப்பட்டிருக்கிறது.

இங்கே இன்னொரு பெண்ணையும் நாம் மறந்துவிடுகிறோம். நுனி வெட்டிக்கொள்ளப் போன கடையில், பக்கத்து நாற்காலியில் ஒரு கல்யாணப் பெண்ணுக்குக் கெரட்டின் நடந்துகொண்டிருந்தது. செய்தது மணிப்பூரிலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுப் பெண். ஏ.சி. குளிர் வெளியே போகாதபடி கதவை அடைத்திருந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. “உனக்கு எரியலையாம்மா?” என்றேன். “பழகிடுச்சு மேடம்,” என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. மணமகள் வருடத்துக்கு ஒரு முறை அந்தப் புகையை முகர்வாள். இவள் முகூர்த்த மாதங்களில் ஒரு நாளைக்கு மூன்று முறை முகர்கிறாள். ‘என் முடி என் விருப்பம்’ என்ற வாதத்தை என்னிடம் வைக்கிற மாணவிகளுக்கு நான் மறுப்புச் சொல்வதில்லை. அந்தச் சன்னல் இல்லாத அறையில் நிற்கிறவளின் விருப்பத்தையும் சேர்த்துக் கேட்போமா என்று மட்டும் கேட்கிறேன்.

திருப்பதியிலும் பழனியிலும் நம் பெண்கள் நேர்ந்துகொண்டு இறக்குகிற முடி எங்கே போகிறது? திருப்பதி முடி ஏலம் போகிறது. தரம் பிரிந்து கடல் தாண்டுகிறது. அமெரிக்கக் கடைகளில் ‘இந்தியச் சுருட்டை’ என்றே பெயர் போட்டு நல்ல விலைக்கு விற்கிறார்கள். தலையில் இருந்தபோது அதற்குப் பெயர் பரட்டை.

சரி, காலம் மாறிவிட்டது என்பீர்கள். மாறித்தான் இருக்கிறது. 2015-இல் ‘பிரேமம்’ வந்தது. அனுபமா பரமேஸ்வரனின் சுருட்டை முடியைத் தமிழ்நாட்டுப் பையன்களும் கொண்டாடினார்கள். சுருட்டை முடிக்கென்றே கம்பெனிகள் வந்துவிட்டன. ‘உன் சுருளை நேசி’ என்கிறார்கள். நேசிக்க என்னென்ன வேண்டும்? கழுவ ஒன்று, கழுவியபின் ஒன்று, வடிக்காமல் விட ஒன்று, சுருளைப் பிடித்துவைக்க ஜெல், மாதம் ஒரு முறை மாஸ்க், துவட்டப் பருத்தி டீ-சர்ட்டு, உறங்க சாட்டின் தலையணை உறை. மூன்று டப்பா மட்டும் வாங்கினேன், 1,850 ரூபாய். அதற்கு முன்னால் நீ எந்த வகை என்று தெரிந்தாக வேண்டும். ஆண்ட்ரே வாக்கர் என்ற அமெரிக்கச் சிகையலங்காரக் கலைஞர் வகுத்த 2ஏ, 3பி என்ற அட்டவணையில் என் மாணவி ஒருத்தி தன் தலையை நான்கு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். முன்பக்கம் ஒரு வகை, பின்பக்கம் ஒரு வகையாக இருக்கிறதாம். இருக்காதா பின்னே? அவள் தலை, அட்டவணையைப் பார்த்தா முளைத்தது?

இந்த நேசத்துக்குப் பின்னால் ஒரு போராட்டம் இருந்தது என்பதும் நமக்கு வந்த கூரியரில் இல்லை. 2016-இல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளியில், முடியை அடக்கி வை என்ற விதியை எதிர்த்துக் கறுப்பின மாணவிகள் காவலர்களுக்கு முன்னால் நின்றார்கள். சுலைக்கா பட்டேலுக்கு அப்போது வயது 13. முடியின் இயல்பைக் காரணம் காட்டி வேலையிலோ பள்ளியிலோ பாகுபாடு காட்டக்கூடாது என்று கலிஃபோர்னியா 2019-இல் சட்டம் கொண்டுவந்தது. அங்கே முழக்கம் முதலில் வந்தது, களிம்பு கூடவோ பின்னாலோ வந்தது. இங்கே களிம்பு மட்டும் வந்திருக்கிறது. நேராக்கு என்று சொன்னபோது சனிக்கிழமை போயிற்று. நேசி என்று சொல்லும்போது ஞாயிற்றுக்கிழமையும் போகிறது. பெண்கள் கிராப்பு வெட்டிக்கொள்ள வேண்டும் என்று பெரியார் சொன்னதன் காரணம் எனக்கு ஒவ்வொரு ஞாயிறும் புரிகிறது. நான் வெட்டிக்கொள்ளவில்லை. இந்த முடி எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்ததற்காக இவ்வளவு வேலை செய்ய முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

‘பாட்டி காலத்துச் சீயக்காய்’ என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சீயக்காயில் சாப்போனின் இருக்கிறது, நுரைத்து அழுக்கெடுக்கும். கொங்குப் பக்கத்தில் அரப்பு. சோறு வடித்த கஞ்சியில் சீயக்காயைக் கரைத்துத் தேய்ப்பார் அப்பத்தா. கஞ்சியின் மாவுப்பசை முடிமேல் படிந்து, உரசலைக் குறைக்கும். செம்பருத்தி இலையையும் ஊறவைத்த வெந்தயத்தையும் அரைத்தால் வருகிற வழுவழுப்பில் சிக்கு தானாக விடும். இன்றைக்கு 600 ரூபாய் டப்பாவில் ‘ஸ்லிப்’ என்று போட்டு விற்பது அந்த வழுவழுப்பைத்தான். தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-இல் ஓர் ஆய்வு சொன்னது. அதைச் செய்தது தேங்காய் எண்ணெய் விற்கிற மாரிக்கோ கம்பெனியின் ஆய்வுக்கூடம் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அதற்காக முடிவு பொய் என்று சொல்லவில்லை. இவையெல்லாம் நல்ல பொருள்கள். ஆனால் சீயக்காயை வெயிலில் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்து, சலித்து, கண்ணில் பட்டு எரிந்து, குளியலறையைக் கழுவிவிட்டு வந்தது யார்? பாட்டி. தாத்தா வெந்நீருக்குக் காத்திருந்தார். அந்த உழைப்பை மறைத்துவிட்டு ‘மரபு’ என்று பாடினால் நான் கூடப் பாட மாட்டேன்.

எதை வாங்குவது என்று கேட்கிறார்கள். எந்தப் பெயரையும் சொல்ல மாட்டேன். பாட்டிலைத் திருப்பச் சொல்வேன். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிற பட்டியல் அளவின் வரிசையில் இருக்கும். அதிகம் உள்ளது முதலில், ஒரு சதவீதத்துக்குக் கீழானவை கடைசியில். ஷாம்பூவில் தண்ணீருக்கு அடுத்தபடியே சோடியம் லாரில் சல்ஃபேட் என்றோ லாரெத் சல்ஃபேட் என்றோ இருந்தால் அது வலுவாகக் கழுவும். விஷம் இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் அதுதான் பிசுக்கை எடுக்கும். வாரம் மூன்று நாள் போட்டால் சுருட்டை முடி வறளும். மற்ற நாளுக்கு கோகாமிடோபுரொபைல் பீட்டெய்ன் மாதிரி மென்மையானது முன்வரிசையில் இருப்பதைப் பாருங்கள். கண்டிஷனரில் சீட்டைல் ஆல்கஹால், சீட்டேரில் ஆல்கஹால் என்று இருந்தால் பயப்பட வேண்டாம். பெயரில்தான் ஆல்கஹால், உண்மையில் அவை மெழுகு போன்ற கொழுப்பு, முடியை மிருதுவாக்கும். டைமெத்திக்கோன் சிலிக்கோன், வழுவழுப்பு தரும், மென்மையான ஷாம்பூவில் முழுதாகப் போகாமல் படியும். கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கும். அதை முதல் ஐந்துக்குள் வைத்திருக்கிற கிரீமைச் சென்னையின் கார்த்திகை மாதத்தில் தடவினால் தலை பஞ்சுமூட்டையாகும். ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீரில் குளிக்கிறவர்களுக்கு எந்த டப்பாவும் பாதிதான் வேலை செய்யும். கடைசிச் சொம்பு நல்ல தண்ணீராக இருந்தால் 500 ரூபாய் மிச்சம். இதற்குமேல் அறிவியல் எனக்குத் தெரியாது, தேவையும் படவில்லை.

போன வருடம் கலைச்சொல்லாக்கப் பாடத்துக்குப் பயிற்சியாக, வீட்டில் இருக்கிற ஷாம்பூ பாட்டிலையோ சாஷேயையோ கொண்டுவந்து பின்பக்கத்தைத் தமிழில் எழுதச் சொன்னேன். இளங்கலை இரண்டாம் ஆண்டு, 42 பேர். முன்பக்கம் எல்லாவற்றிலும் கவர்ச்சியான பெயர். சிலவற்றில் தமிழும் இருந்தது. பின்பக்கத்தில், அன்று மேசைமேல் சேர்ந்த 42-இல் ஒன்றில்கூடப் பொருள் பட்டியல் தமிழில் இல்லை. விற்பதற்குத் தமிழ் தெரிகிறது, என்ன கலந்தது என்று சொல்வதற்குத் தெரியவில்லை. சட்டமும் அவர்களுக்குத் துணை. 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள், கட்டாய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்கின்றன. மாநில மொழி வேண்டுமானால் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். வேண்டாமானால் வேண்டாம். மொழிப்போருக்கு வருடந்தோறும் மாலை போடுகிற நம் மேடைகளில், ஒரு தமிழ்ப் பெண் தன் தலையில் ஊற்றுவது என்னவென்று தமிழில் படிக்க முடியாது என்ற பேச்சு எழுந்து நான் கேட்டதில்லை. பெண்கள் சமாச்சாரம் அல்லவா!

அந்த வகுப்பில் ஒருத்தி, பெயரிலேயே சீயக்காய் உள்ள ஒரு பாட்டிலைக் கொண்டுவந்திருந்தாள். சல்ஃபேட் இரண்டாவது இடத்தில் இருந்தது. சீயக்காய்ச் சாறு எங்கே என்று தேடிக்கொண்டே போனாள். கடைசி வரியில், நிறமிக்குப் பக்கத்தில் கிடைத்தது. இன்னொருத்தி ‘ஃபிராக்ரன்ஸ்’ என்ற சொல்லில் நின்றுவிட்டாள். “அம்மா, மத்ததுக்கெல்லாம் பேர் போட்டிருக்கான். இதுக்கு மட்டும் மணம்னு ஒத்த வார்த்தையா இருக்கே. எதோட மணம்?” அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை ரசாயனம் வேண்டுமானாலும் இருக்கலாம், வணிக ரகசியம் என்று விட்டுவிடுகிறார்கள் என்றேன். வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், “நக்கீரர் இப்ப இருந்தா மாட்டியிருப்பாங்க” என்றது. அந்த வருடத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த இலக்கிய விமர்சனம் அதுதான்.

மூன்றாம் ஆண்டில் அவர்களுக்கு வேலைவாய்ப்புப் பயிற்சி வந்தது. வெளியிலிருந்து வந்த ஒரு நிறுவனம் இரண்டு நாள் நடத்தியது. கைகுலுக்குவது எப்படி, உட்காருவது எப்படி. மதியத்துக்குமேல் தோற்றம். மூன்று மாணவிகளை எழுப்பி நிற்கவைத்து, “ஹேரை செட்டில் பண்ணிட்டு வாங்க, இப்படி வந்தா கிளையன்ட் முன்னாடி நிக்க முடியாது” என்றார் பயிற்சியாளர். மூவரும் சுருட்டை முடிக்காரிகள். பையன்களில் இரண்டு பேருக்குச் சுருட்டை முடி, அவர்கள் எழுப்பப்படவில்லை. மறுநாள் ஒருத்தி என் அறைக்கு வந்தாள். அவள் அம்மா தையல் வேலை செய்கிறார். “நாலாயிரத்து ஐந்நூறு ஆகுமாம் அம்மா. ஆறு மாசத்துல திரும்பப் பண்ணணுமாம். வேலை கெடச்சா முத சம்பளத்துல குடுத்துரலாம்னு அக்கா சொல்லுது.” வேலைக்கு முன்னாலேயே கடன், அதுவும் தலைமேல்.

நானும் வணிகவியல் துறைத் தோழி ஒருவரும் அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினோம். சண்டை போடவில்லை. சுருட்டை முடியுடன் நேர்முகத்துக்கு வரக்கூடாது என்று எந்த வேலை நிறுவனத்தின் விதியில் இருக்கிறதோ அதன் பெயரையும் விதியையும் எழுத்தில் தாருங்கள், மாணவிகளுக்கு விநியோகிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டோம். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. அப்படி எந்த விதியும் இல்லை, அது பொதுவான ஆலோசனை மட்டுமே என்று. அந்தப் பதிலை நகலெடுத்து மூவருக்கும் கொடுத்தேன். ஒரு நகல் அறிவிப்புப் பலகையில் இருந்தது. மூன்றாம் நாள் யாரோ கிழித்துவிட்டார்கள், திரும்ப ஒட்டினோம்.

தையல்காரம்மாவின் மகள் பின்னல் போட்டுக்கொண்டு போய் வேலை வாங்கினாள். இன்னொருத்தி விரித்துவிட்டே போனாள், கிடைக்கவில்லை. முடியால்தானா என்று நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டாவது முயற்சியில் இருக்கிறாள். மூன்றாமவள் அக்கா கல்யாணத்தை ஒட்டி நேராக்கிக்கொண்டாள். நல்லா இருக்கா அம்மா என்றாள், நல்லா இருக்கு என்றேன். நன்றாகத்தான் இருந்தது. நான்கு மாதம் ஆகிவிட்டது. வேரிலிருந்து இரண்டு அங்குலம் சுருண்டும் அதற்குக் கீழே கம்பி மாதிரியும் முடி நிற்கிறது. இரண்டும் சேருமிடத்தில் உடைகிறதாம். எதைப் போட்டுக் குளிப்பது என்று நேற்று வந்து கேட்டாள். வீட்டில் இருப்பதை எல்லாம் பையில் போட்டுச் செவ்வாய்க்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், திருப்பிப் பார்ப்பதற்கு.